உடம்புக்கும் பெயர் உண்டு

தமிழ்நாட்டின் மாதனூரில் நெடுஞ்சாலையோரம் காலையில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளி மணி அடிக்கும் முன்பே அம்மா கிளம்பிவிடுவார். மாலையில் அவர் திரும்பும்வரை பிள்ளை ஆயாவிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். “பெரியவங்க சொன்னா கேளு” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

அந்தப் பெரியவரே தப்பு செய்தால்? 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 சிறுவர் சிறுமியரிடம் ஆய்வு நடத்தியது. ஏதோவொரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதம். தீங்கு செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள்.

இதைத் தடுக்க ஒன்றாம் வகுப்பிலேயே பாலியல் கல்வி வேண்டும் என்றதும் பெற்றோர் பதறுகிறார்கள். உடலுறவைப் பற்றிய பாடம் என்று நினைப்பதால் வரும் பதற்றம் அது, நியாயமானதுதான். ஆனால் யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி 5 முதல் 8 வயதுக்குச் சொல்லும் பாடத்தில் முக்கியமானவை உடலுறுப்புகளின் பெயர், என் உடம்பு என்னுடையது என்ற உணர்வு, பிடிக்காத தொடுதலை நம்பிக்கையானவரிடம் சொல்வது. இங்கிலாந்து 2020இல் உறவுகள் குறித்த கல்வியைத் தொடக்கப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது.

பெயர் ஏன் முக்கியம்? நம் வீடுகளில் பிறப்புறுப்புக்குப் பெயரே “ஷேம் ஷேம்”. வெட்கம் என்று கற்றுக்கொடுத்த ஒன்றைப் பற்றி அந்தப் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தைக் குழந்தை சொன்னபடியே பதிவுசெய்யச் சொல்கிறது. சொல்லச் சொல் வேண்டும். பிறப்புறுப்பு என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளை, “மாமா பிறப்புறுப்பைத் தொட்டாங்க” என்று அம்மாவுக்குப் புரிகிறபடி சொல்லிவிடும்.

நம் மாநிலத்திலேயே ஒரு முரண் இருக்கிறது. புது யுகம் திட்டத்தில் 10 வயதிலிருந்தே பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் தருகிறோம். வளரிளம் பருவம் பற்றிய பாடமோ எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. ஆறாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிட்ட பெண் அதுவரை பயத்தோடு இருக்கிறாள். பையன்களுக்கோ கைப்பேசிதான் வாத்தியார்.

கைப்பேசியில் குழந்தை ஆபாசப் படம் வைத்திருந்த ஒருவர்மீதான வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. அந்தத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23இல் ரத்துசெய்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்பது தவறான எண்ணம் என்றது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திராமல் இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனாலும் 2007இல் மகாராஷ்டிரமும் கர்நாடகமும் இந்தப் பாடத்தைத் தடுத்த காலத்தில் பாடத்துக்கு எதிராகக் கிளம்பிய குரல் இன்னும் அடங்கவில்லை.

கட்டாயமாக்கத்தான் வேண்டும் என்பது என் முடிவு. விருப்பப் பாடமாக விட்டால், எந்த வீட்டில் ஆபத்து இருக்கிறதோ அந்த வீடுதான் முதலில் வேண்டாம் என்னும். ஆனால் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளாமல் செய்ய முடியாது. பாடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர்களிடம் முதலில் காட்ட வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் மாணவர் உதவி எண் 14417ஐயும் அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். வேலை நாளில் கூட்டம் வைத்தால் மாதனூர் அம்மாக்களுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், வருவார்கள்.