முடக்குவாத ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை ஏன்?

முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. மூட்டுகள் வீங்கி வலிக்கும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோய் இது. செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் 'டி.என்.எஃப்.' என்ற புரதம் அளவு மிஞ்சுவது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது.

இந்தப் புரதம் செல்லின் மேலுள்ள 'ஏற்பி'யில் வந்து ஒட்டினால்தான் வேலை செய்யும். மனித ஏற்பிக்கான மரபணுவை, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் ஹாம்ஸ்டர் எலியின் செல்களில் புகுத்தி, ஏற்பியின் வெளிப்பகுதியைத் தனியே தயாரிக்கிறார்கள். ஊசியாகச் செலுத்தும்போது அது டி.என்.எஃப். புரதத்தை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. வீக்கமும் வலியும் குறைகின்றன. 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'எடனர்செப்ட்' மருந்து இப்படிப்பட்டதுதான். ஆராய்ச்சிக்கென்று மட்டும் விற்கப்படும் இத்தகைய புரதங்கள் மருந்தல்ல. அவற்றை உடலில் செலுத்தக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதிலும் இதே டி.என்.எஃப்.தான் துணை நிற்கிறது. அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். எனவே ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.

வீட்டில் யாருக்கேனும் முன்பு காசநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடுமே என்று மறைத்தால், பாதிப்பு நோயாளிக்குத்தான். ஊசி போட்டுவரும் நாட்களில் காய்ச்சல், விடாத இருமல், உடல் மெலிவு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு.