சப்பிரகமுவ மலைகளுக்கு ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதானுக்கு வழி கூறுவது ஆற்றுப்படை. அவ்வகை நூல்களுள் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் அங்கு எழும் பல்வகை ஒலிகளையும் எடுத்துரைக்கின்றது. தாம் கண்ட நாட்டைப் பிறர்க்குக் காட்டுதலை ஓர் இலக்கியத் துறையாகவே வகுத்தனர் நம் முன்னோர். அத்துறை நம் தோட்டப் பாடசாலைகளில் மீண்டும் உயிர்பெறல் வேண்டும் என்பது என் வேட்கை.

காட்சி வளத்தில் சப்பிரகமுவ எந்நாட்டுக்கும் இளைத்ததன்று. 2,243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலை இதன் எல்லையில் நிற்கின்றது. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை அடியார்கள் அதன்மேல் ஏறுவர். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல ஊடாகச் செல்லும் பாதை நெடியது. ஞாயிறு எழும்போது மலையின் நிழல் முக்கோணமாய் மேற்றிசையில் விழும். களனி கங்கை கித்துல்கலவிலே பாறைகளிடைத் துள்ளிப் பாயும். காற்றடைத்த இறப்பர்த் தெப்பங்களில் அமர்ந்து வெளிநாட்டார் துடுப்பு வலிப்பர். 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' திரைப்படத்துக்காகப் பாலம் அமைத்துத் தகர்த்ததும் அவ்விடத்தேதான். குருவிட்டவுக்கு அருகே அரசிலை வடிவில் வீழும் போபத் அருவி, 1975இல் தொடங்கிய பின்னவல யானைக் காப்பகம், 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பெற்ற சிங்கராஜ வனம் என்பனவும் காணத்தக்கவை.

இவற்றைக் காணக் கடல் கடந்து வருவோர் தேயிலைச் சரிவையும் படம்பிடித்துச் செல்கின்றனர். அச்சரிவிற் கொழுந்து பறிப்பவளின் பிள்ளை இவ்வாற்றையும் அருவியையும் கண்டதுண்டா? என் வகுப்பிற் கேட்டேன். உயர்ந்த கைகள் மிகச் சிலவே. குடும்பத்தோடு பஸ் ஏறினால் ஒரு நாட் கூலி போய்விடும் என்றான் ஒருவன்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு வழி திறந்தது 2003இன் சட்டம். ஏட்டில் வந்த உரிமை காலுக்கும் கண்ணுக்கும் வருதல் வேண்டாவா? தன் மலையில் ஊறும் நீர் எவ்வழிச் சென்று கடல் சேர்கின்றது என அறியாத பிள்ளை, இம்மண் என்னுடையது என்று எங்ஙனம் நெஞ்சு நிமிர்த்தும்?

ஆசிரியப் பெருமக்களே! ஆண்டுச் சுற்றுலாவை அண்மையிலுள்ள மலையிலிருந்தே தொடங்குங்கள். நீரோட்டம் அறிந்த ஊராரைக் கேட்டபின்னரே பிள்ளைகளை ஆற்றில் இறங்கவிடுங்கள். மீண்டதும், நடந்த வழியையும் கேட்ட ஒலிகளையும், ஊர்களின் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர் இரண்டையும் அவர்களே எழுதட்டும். நாளை வரும் விருந்தினர்க்கு இம்மலைகளைக் காட்டுவோர் இம்மலைப் பிள்ளைகளாகவே இருக்கட்டும்.