மலைப்பாதையும் மடை திருப்புதலும்

2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள். நம்ம குமரியில் காளிகேசம் அதிலொன்று. கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், பழங்குடியினரும் உண்டு.

வழி காட்டுவது பாதி வேலைதான். மீதி, பாதையைக் காப்பாற்றுவது. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. சரிவில் போகிற பாதை மழையில் ஓடையாகிவிடும். மண் அரிச்சு வேர் வெளியே வந்ததும் நடக்கிறவன் ஓரமா ஒதுங்குவான். ஒத்தையடிப்பாதை அகலமாகிக்கொண்டே போகும். பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல்லோ மரத்தடியோ பதித்து, தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடணும். வயலில் மடை திருப்பின நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். எந்த இடத்தில் பதிப்பது என்பதுதான் சங்கதி. மழையில் அங்கே நின்று பார்த்தவனுக்கே அது தெரியும்.

அமெரிக்காவில் எலிசபெத் புட்னம் 1957-ல் மாணவர்களைத் தேசியப் பூங்காக்களுக்கு அனுப்பத் தொடங்கினார். பாதை சீரமைப்பு அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. நாலு பேரை வைத்து ஒரு கல்லைப் புரட்டுகிறவனுக்கு ஆள் நடத்தத் தானா வந்துவிடும்.

கஷ்டமானது வேற. பணம் கட்டி வந்த நாற்பது வயசு ஐடி ஆளிடம் (என்னை மாதிரிதான்) இருபத்திரண்டு வயசு வழிகாட்டி, “மேல மழை சார், திரும்பிடலாம்” என்று சொல்லணும். அப்போது வனத்துறை அவர் பக்கம் நிற்கணும். திரும்பி வந்த நாளுக்கும் முழுக்கூலி கிடைக்கணும்.