கடன் வாங்காமலே வெளிநாட்டில் பிஎச்.டி.: பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகளும் போகலாம்

திருப்பூர்:

ஓவர்லாக் ஓட்டுபவர் வீட்டிலும், செக்கிங், கைமடி வேலைக்குப் போகும் தாய்மார் வீட்டிலும் இன்று எம்.எஸ்சி., எம்.டெக். முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்து வெளிநாட்டில் பிஎச்.டி. என்று பேச்செடுத்தால், "அதுக்கு முப்பது, நாப்பது லட்சம் வேணுமே, எங்கே போறது?" என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. ஒன்றரை ஷிப்ட் பார்த்து சனிக்கிழமை சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் அந்த லட்சக் கணக்கு எம்.எஸ்., எம்.பி.ஏ. போன்ற முதுகலைப் படிப்புக்கானது. அங்கே மாணவர் காசு கட்டிப் படிக்கிறார். பிஎச்.டி. கதை வேறு.

சம்பளம் தரும் படிப்பு

அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் பிஎச்.டி.யில் சேருபவருக்கு பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை தள்ளுபடி செய்து, மாதாமாதம் செலவுக்கும் பணம் கொடுக்கிறது. சும்மா கொடுப்பதில்லை. இளங்கலை மாணவர்களுக்கு லேப் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் ஆராய்ச்சியில் வேலை பார்ப்பது என்று வாரம் 20 மணி நேரம் வரை உழைக்க வேண்டும். பாதி மாணவர், பாதி தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியில் பல இடங்களில் வேலைக்கு ஆள் எடுப்பது போலவே ஒப்பந்தம் போட்டு எடுக்கிறார்கள். நம்மூர் பி.எப்., இ.எஸ்.ஐ. மாதிரி சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. ஜப்பான் அரசின் 'மெக்ஸ்ட்' உதவித்தொகையில் கட்டணம் கிடையாது, விமான டிக்கெட்டும் அவர்களே எடுக்கிறார்கள், மாதம் ஏறக்குறைய 1 லட்சத்து 45 ஆயிரம் யென் கைக்கு வரும்.

இதை கன்சல்டன்சிகள் வாய் திறந்து சொல்வது அபூர்வம். காரணம் எளிது. பீஸ் கட்டும் மாணவரை சேர்த்து விட்டால்தான் பல்கலைக்கழகத்திடம் இருந்து கமிஷன் வரும். பீஸே கட்டாத பிஎச்.டி. மாணவரால் அவர்களுக்கு என்ன லாபம்? பிஎச்.டி. கேட்டுப் போனவரை எம்.எஸ்.சுக்கு திருப்பி விடுகிறார்கள் என்றால் உஷாராக வேண்டும்.

அரசு தரும் பணம்

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை திட்டம் இருக்கிறது. 2023-ல் விரிவாக்கப்பட்ட இத்திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.36 லட்சம் வரை கிடைக்கும். முதுகலைக்கும் உண்டு, பிஎச்.டி.க்கும் உண்டு. வயது 35-க்குள் இருக்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் ஆண்டுக்கு நாடு முழுவதும் 125 இடம்தான். இதில் 115 பட்டியல் இனத்தவருக்கு. மீதி 10 இடங்கள் சீர்மரபினர், நாடோடி இனத்தவர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரிய கைவினைஞர் குடும்பத்தாருக்கு. மொத்தத்தில் 30 சதவீதம் பெண்களுக்கு. முந்தைய படிப்பில் 60 சதவீத மார்க் வேண்டும், சேரும் பல்கலைக்கழகம் கியூ.எஸ். பட்டியலில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும். கட்டணம், விமான டிக்கெட், மருத்துவ காப்பீடு போக ஆண்டுக்கு 15 ஆயிரத்து 400 டாலர், இங்கிலாந்து என்றால் 9 ஆயிரத்து 900 பவுண்டு தருகிறார்கள்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு பணம் இல்லை என்று 2022-ல் விதி போட்டு விட்டார்கள். அம்பேத்கரே 1913-ல் பரோடா மன்னர் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில்தான் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்று இந்தியாவில் சாதிகள் பற்றியது!

பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டிலும் இடமில்லை. அவர்களுக்கு மேலே சொன்ன பல்கலைக்கழக, வெளிநாட்டு அரசு வழிகள்தான். அதற்கு சாதியும் பார்ப்பதில்லை, வருமானமும் பார்ப்பதில்லை. மார்க்கையும் ஆராய்ச்சித் தலைப்பையும் பார்க்கிறார்கள்.

தலைப்புக்கு திருப்பூரில் பஞ்சமே இல்லை. சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஐகோர்ட் உத்தரவிட்டதை ஊரே அறியும். சாயத்தண்ணியில் இருந்து உப்பை மீட்பது, தண்ணீர் இல்லாமல் சாயம் ஏற்றுவது, பழைய துணியை மறுபடி நூலாக்குவது எல்லாம் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கும் விஷயம். ஜெர்மனியின் ஆகென், டிரஸ்டன், அமெரிக்காவின் வட கரோலினா, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகங்களில் ஜவுளிக்கென்றே ஆராய்ச்சிப் பிரிவுகள் உள்ளன. சிக்கண்ணா கல்லூரியில் வேதியியல் படித்தவரும் தகுந்த பேராசிரியரைத் தேடி மெயில் போடலாம்.

கையைக் கடிக்கும் இடம்

சிக்கல் சீட் கிடைக்கும் முன்னால் வருகிறது. பாஸ்போர்ட் ரூ.1,500. ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுத ரூ.17 ஆயிரத்துக்கு மேல். அமெரிக்க விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 100 டாலர். இதற்கே மகளிர் குழுவிலும் பைனான்சிலும் கை நீட்ட வேண்டி வரும். வருமானத்தைச் சொல்லி மெயில் போட்டால் விண்ணப்பக் கட்டணத்தை விட்டுக் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ்., ஜி.ஆர்.இ. பயிற்சியை ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு தாட்கோ இலவசமாக நடத்தியிருக்கிறது.

ஜெர்மனி விசாவுக்கு வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024-ல் ஆண்டுக்கு 11 ஆயிரத்து 904 யூரோவாக உயர்ந்தது. கந்து வட்டிக்கு வாங்கி கட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். போதுமான உதவித்தொகைக் கடிதமோ சம்பள ஒப்பந்தமோ கையில் இருந்தால் இந்தப் பணமே தேவையில்லை.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 1892-ல் தொடங்கிய ஜே.என்.டாடா அறக்கட்டளை தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். புல்பிரைட்-நேரு ஆராய்ச்சி உதவி, இந்தியாவில் ஏற்கனவே பிஎச்.டி. படிப்பவர் சில மாதம் அமெரிக்கா போய் வர மட்டுமே.

அமெரிக்காவில் ஆகஸ்டு, செப்டம்பரில் சேர முந்தைய டிசம்பரிலேயே பெரும்பாலும் விண்ணப்பம் முடிந்து விடும். எனவே சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. அரசு திட்டங்கள் பற்றி பல்லடம் ரோட்டில் உள்ள கலெக்டர் அலுவலகத்தில், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் கேட்கலாம். இடையில் புரோக்கர் யாரும் தேவையில்லை.