ஆட்டம் நின்றது, பேச்சு நிற்கவில்லை: பேஸ்பாலில் கைமாறிய வீரர்களின் கதை

2020ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி அமெரிக்காவில் பேஸ்பால் பருவம் தொடங்கியிருக்க வேண்டும். கோவிட்-19 பரவலால் அன்று ஓர் அரங்கமும் திறக்கப்படவில்லை. நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து ஒரு வாரம் கடந்திருந்த நேரம் அது. இங்கிலாந்து பிரிமியர் லீக் காற்பந்தும் நின்று போயிருந்தது. இங்கே காற்பந்து ரசிகர்கள் தவித்ததைப் போலவே அங்கே பேஸ்பால் ரசிகர்களும் தவித்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் டோஜர்ஸ் குழுவின் ரசிகர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலையும் இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன்புதான், பிப்ரவரி 10ஆம் தேதி, போஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவின் நட்சத்திர வீரர் மூக்கி பெட்ஸ் அவர்கள் குழுவுக்கு மாற்றப்பட்டிருந்தார். அவருடைய ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது ஓராண்டுதான். பருவம் முழுவதும் ரத்தானாலும் அந்த ஆண்டு வீரர்களின் சேவைக் காலத்தில் சேரும் என்று குழு உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் உடன்பாடு கண்டிருந்தனர். அதாவது, ஒரே ஓர் ஆட்டம்கூட டோஜர்ஸ் சட்டையில் ஆடாமல் பெட்ஸ் விடைபெற்றுப் போய்விடலாம். அவருக்காகக் கொடுத்த மூன்று இளம் வீரர்களும் திரும்பி வரப்போவதில்லை.

ஆட்டம் இல்லாத நாள்களில் பேஸ்பால் ரசிகர்கள் எப்போதும் பேசுவது இதைத்தான்: யாரை யாருக்குக் கொடுத்தார்கள், யார் ஏமாந்தார்கள். குளிர்காலத்தில் ஆட்டம் கிடையாது என்பதால், அக்காலத்தில் கடைகளில் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மக்கள் இந்தக் கதைகளைப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு இன்றும் அங்கே 'சூடான அடுப்பு' என்றுதான் பெயர். நம் ஊர்க் கோப்பிக் கடைப் பேச்சு போலத்தான்.

தாமதமாகும் பருவமும் பழைய பரிமாற்றங்களும் வெவ்வேறு கதைகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியில் போய் முடிகின்றன. ஒரு வீரரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்பதே அந்தக் கேள்வி.

காற்பந்திலிருந்து என்ன வேறுபாடு?

காற்பந்தில் ஒரு வீரர் கிளப் மாறினால், வாங்கும் கிளப் பணம் கொடுக்கும். புதிய கிளப்போடு வீரரும் உடன்பட்டால்தான் அவர் போவார். வேண்டாம் என்று மறுத்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அமெரிக்க பேஸ்பாலில் பெரும்பாலும் பணத்துக்குப் பதிலாக வீரருக்கு வீரர் என்று பண்டமாற்று நடக்கும். சம்பந்தப்பட்ட வீரரின் சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. காலையில் ஒரு நகரில் எழுந்தவர், மாலையில் இன்னொரு நகரத்துக்கு மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் அவரோடு சேர்ந்தே மாறும். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை இறுதிவாக்கில் இதற்கு ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளில் ரசிகர்கள் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை.

போஸ்டனின் 86 ஆண்டு வருத்தம்

பரிமாற்றப் பேச்சு எங்கே தொடங்கினாலும் பேப் ரூத்தைத் தொடாமல் போகாது. இத்தனைக்கும் அது வீரருக்கு வீரர் கொடுத்த மாற்றமல்ல, நேரடி விற்பனை. 1919ஆம் ஆண்டு ரூத் 29 ஹோம் ரன்கள் அடித்தார். கிரிக்கெட்டில் சிக்சர் போல, பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவதுதான் ஹோம் ரன். அதுவரை யாரும் ஒரே பருவத்தில் அத்தனை அடித்ததில்லை. அப்போது போஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவின் உரிமையாளராக இருந்தவர் ஹாரி ஃபிரேஸி. நாடகத் தயாரிப்பாளரான அவர், அந்த ஆண்டு டிசம்பரில் ரூத்தை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸ் குழுவிடம் விற்றார். 1920 ஜனவரி 5ஆம் தேதி அந்தச் செய்தி வெளியானது.

அதே ஆண்டு நியூயார்க்கில் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 54. அதுவரை ஒரு முறைகூட வாகை சூடாத யாங்கீஸ், 1923இல் முதல் கிண்ணத்தைத் தூக்கியது. பிறகு அடுக்கிக்கொண்டே போனது. 1918 வரை ஐந்து முறை வாகை சூடியிருந்த போஸ்டனோ, அடுத்த கிண்ணத்துக்கு 2004 வரை, அதாவது 86 ஆண்டுகள் காத்திருந்தது. இதை ரூத்தின் சாபம் என்றே ரசிகர்கள் சொல்லி வந்தனர். பாட்டன் காலத்து விற்பனையைப் பேரப்பிள்ளைகள் திட்டித் தீர்த்தார்கள்.

யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

அடுத்து வருவது லூ புரோக்கின் கதை. 1964 ஜூன் 15ஆம் தேதி சிகாகோ கப்ஸ் குழு, இன்னும் பெயர் எடுக்காத புரோக்கை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்த முக்கிய வீரர் பந்து வீச்சாளர் எர்னி புரோக்லியோ. அதற்கு முந்தைய பருவத்தில்தான் புரோக்லியோ 18 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்திருந்தார். ஆகவே சிகாகோவுக்கே லாபம் என்று அன்று பலர் நினைத்தனர்.

நடந்தது தலைகீழ். கையில் கோளாறு கண்ட புரோக்லியோ, சிகாகோவுக்காக மொத்தம் ஏழு ஆட்டங்களில்தான் வென்றார். புரோக் வந்த அதே ஆண்டில் கார்டினல்ஸ் வாகை சூடியது. 1967இல் மீண்டும் சூடியது. பந்து வீச்சாளர் அசந்த நேரம் பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் 'தளம் திருடுதல்' என்பார்கள். புரோக் தம் விளையாட்டு வாழ்வில் 938 தளங்களைத் திருடினார். இன்றைக்கும் ஒரு குழு ஏமாந்துவிட்டால், புரோக்கைக் கொடுத்து புரோக்லியோவை வாங்கிய கதை என்றுதான் ரசிகர்கள் சொல்கிறார்கள்.

எல்லாக் கதைகளிலும் தீர்ப்பு இவ்வளவு எளிதல்ல. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் குழு, 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து அனுபவசாலி டோயில் அலெக்சாண்டரை அட்லாண்டா பிரேவ்ஸிடமிருந்து வாங்கியது. அலெக்சாண்டர் எஞ்சிய பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லாமல் ஒன்பது ஆட்டங்களில் வென்றார். டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் அடுத்த சுற்றில் அவர் வீசிய இரண்டு ஆட்டங்களும் தோல்வியில் முடிந்தன. ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் இருபது ஆண்டுகள் ஆடினார். 2015இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவர், சிறு வயதில் டைகர்ஸ் ரசிகர் என்பதுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆறாத புண். அன்றைய வெற்றிக்காக நாளைய நட்சத்திரத்தைக் கொடுத்தது சரியா? இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

சிரிக்கவைக்கும் கதையும் உண்டு. 1962இல் நியூயார்க் மெட்ஸ் குழு கிளீவ்லாந்திடமிருந்து ஹாரி சிட்டியை வாங்கியது. பதிலுக்கு ஒரு வீரரைப் பிறகு பெயர் குறிப்பிட்டு அனுப்புவதாகச் சொன்னது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மெட்ஸ் திருப்பி அனுப்பிய அந்த வீரர் ஹாரி சிட்டியேதான். தமக்குத் தாமே மாற்றாகப் போன வீரர் என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது.

'போக மாட்டேன்' என்றவர்

இவ்வளவு கதைகளிலும் கேட்காத குரல் ஒன்று உண்டு. அது மாற்றப்பட்ட வீரரின் குரல். அந்தக் குரலை உயர்த்தியவர் கர்ட் ஃபிளட். லூ புரோக்கோடு கார்டினல்ஸில் ஆடி, 1964லும் 1967லும் வாகை சூடியவர். அந்தக் குழுவில் 12 பருவங்கள் ஆடியிருந்த கறுப்பின வீரர்.

1969 அக்டோபரில் அவரை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் குழுவை விட்டுப் போக முடியாது. குழு விரும்பும்வரை அவர் அந்தக் குழுவுக்கே உரியவர். ஆடினால் அங்கே ஆட வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தையே விட வேண்டும்.

ஃபிளட் மறுத்தார். தம் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு பொருள் அல்ல என்று அந்த ஆண்டு டிசம்பரில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்குபவருக்கு என்ன குறை என்று பலர் கேட்டனர். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்பது அவர் பதில்.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வீரர்கள் சங்கம் செலவுக்குத் துணை நின்றது. ஆனால் அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. 1972 ஜூனில் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் ஃபிளட் தோற்றார். அவருடைய விளையாட்டு வாழ்வும் அதற்குள் முடிந்திருந்தது.

ஆனால் அவர் திறந்த வழி மூடவில்லை. பத்து ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே குழுவில் கழித்தவரை அவர் சம்மதமின்றி மாற்றக் கூடாது என்ற விதி 1973இல் வந்தது. 1975 டிசம்பரில் வேறு இரண்டு வீரர்களின் வழக்கை விசாரித்த நடுவர், ஒப்பந்தம் முடிந்தவரைக் குழு காலமெல்லாம் கட்டிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தார். அதையடுத்து, ஆறு ஆண்டு சேவை முடித்தவர் தாம் விரும்பும் குழுவுக்குப் போகலாம் என்று முடிவானது.

பருவம் ஏன் தாமதமாகிறது?

இங்கேதான் இரண்டு கதைகளும் ஒன்றுசேர்கின்றன. வீரர்கள் சங்கம் வலுவடைந்தபோது உரிமையாளர்களோடு மோதலும் வளர்ந்தது. கூட்டு ஒப்பந்தம் என்ற சொல் நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பேஸ்பாலிலும் அதுதான் அடிப்படை. அது காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் ரசிகர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

1972இல் ஓய்வூதியம் தொடர்பாக வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் 86 ஆட்டங்கள் ரத்தாகின. 1981இல் பருவத்தின் நடுவே 713 ஆட்டங்கள் போயின. எல்லாவற்றிலும் பெரியது 1994ஆம் ஆண்டு நடந்தது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க உரிமையாளர்கள் முனைந்ததை எதிர்த்து ஆகஸ்ட் 12ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதிப் போட்டித் தொடர் நடக்கவே இல்லை. இரண்டு உலகப் போர்களாலும் நிற்காத தொடர் அது. அடுத்த பருவமும் தாமதமாகி, 162க்குப் பதில் 144 ஆட்டங்களோடு முடிந்தது. கோபம் கொண்ட ரசிகர்கள் பலர் அரங்கத்துக்குத் திரும்பவில்லை.

2021 டிசம்பர் 2ஆம் தேதி நிலைமை மாறியது. இம்முறை கதவை அடைத்தவர்கள் உரிமையாளர்கள். 99 நாள்கள் நீடித்த அந்தக் கதவடைப்பின்போது ஒரு பரிமாற்றமும் நடக்க முடியாது. லீக்கின் இணையத்தளத்திலிருந்து அன்றைய வீரர்களின் படங்களும் நீக்கப்பட்டன. பழைய வீரர்களையும் பழைய பரிமாற்றங்களையும் பேசுவதைத் தவிர ரசிகர்களுக்கு வேறு வழியே இல்லை. 2022 மார்ச் 10ஆம் தேதி உடன்பாடு கண்டு, ஒரு வாரத் தாமதத்துடன் ஏப்ரல் 7ஆம் தேதி பருவம் தொடங்கியது. குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 570,500 டாலரிலிருந்து 700,000 டாலராக உயர்ந்தது. அந்தக் கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடிவடையும் வகையில் எழுதப்பட்டது.

பெட்ஸ் என்ன ஆனார்?

2020இல் பருவம் நான்கு மாதம் தாமதமாகி ஜூலை 23ஆம் தேதி தொடங்கியது. 60 ஆட்டங்கள் மட்டுமே. பருவ ஆட்டங்களுக்கு ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. காலி இருக்கைகளில் அட்டையில் வெட்டிய முகங்களை வைத்தார்கள். அதற்கு முன், மே மாதத்திலிருந்து கொரிய லீக் ஆட்டங்களை நள்ளிரவிலும் விடியற்காலையிலும் விழித்திருந்து பார்த்த அமெரிக்க ரசிகர்கள் உண்டு. இங்கே நாம் ஐரோப்பியக் காற்பந்துக்காகக் கண் விழிப்பதைப் போல.

பருவம் தொடங்குவதற்கு முதல் நாள் பெட்ஸ் டோஜர்ஸோடு 12 ஆண்டுகளுக்கு 365 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அக்டோபர் 27ஆம் தேதி, வாகையைத் தீர்மானித்த ஆட்டத்தில் ஒரு ஹோம் ரனும் அடித்தார். 1988க்குப் பிறகு டோஜர்ஸுக்கு அதுதான் முதல் கிண்ணம். 2024லும் 2025லும் அவரோடு மேலும் இரண்டு கிண்ணங்கள் வந்தன. ரூத் விற்கப்பட்ட செய்தி வெளிவந்த நூறாம் ஆண்டில் அதே போஸ்டன் இன்னொரு நட்சத்திரத்தைக் கைநழுவவிட்டது என்று ரசிகர்கள் பேசாத நாளில்லை.

ஆனால் ரூத்துக்கும் பெட்ஸுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1920இல் ரூத் எங்கே ஆடுவது என்பதை உரிமையாளர்கள் மட்டுமே முடிவு செய்தனர். 2020இல் போஸ்டன் பெட்ஸை மாற்றியதற்கு ஒரு காரணமே, அந்தப் பருவம் முடிந்ததும் அவர் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்பதுதான். டோஜர்ஸில் நிலைத்திருப்பது என்ற முடிவையும் அவரே எடுத்தார். அந்த முடிவை எடுக்கும் உரிமை அவருக்கு வந்த பாதையில், வழக்கில் தோற்று ஆட்டத்தையும் இழந்த கர்ட் ஃபிளட் இருக்கிறார். 1997இல் அவர் காலமானார். பரிமாற்றங்களைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் மறக்காமல் சொல்ல வேண்டிய பெயர் அது.