ஊருணியும் எலும்பும்: கரிசல் மண்ணில் நீர்நிலை மீட்பும் மக்கள் நலமும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல் ஊர்களிலிருந்து மருத்துவரிடம் காலம் கடந்து வருவோரில் இரு சாரார் குறிப்பிடத்தக்கவர்கள். காய்ச்சல் கண்ட நாள் முதல் கடை மாத்திரையை விழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் கைகால் சில்லிட்ட நிலையில் கொண்டுவரப்படுவோர் ஒரு சாரார். மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் ஆண்டுக்கணக்கில் வலிமாத்திரை தின்று, சிறுநீரகம் பழுதான பிறகு வருவோர் மற்றொரு சாரார். முன்னவருக்குப் பெரும்பாலும் டெங்கு. பின்னவருள் பலருக்கு வலியின் மூலம், குடிநீரிலுள்ள ஃபுளோரைடு உப்பு எலும்பில் படிவதால் உண்டாகும் ஃபுளோரோசிஸ் என்னும் நோயாக இருக்கக்கூடும். இரண்டின் வேரையும் தேடிச் சென்றால், அது தூர்ந்துபோன கண்மாயிலும், வரத்துக்கால் அடைபட்ட ஊருணியிலும் சென்று முடிகிறது. சிதைந்த இயற்கை அமைப்புகளை மீட்பதற்கென ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டை ஒதுக்கியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் இம்மாவட்டத்தில் அந்த மீட்பு மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

கண்மாயால் டெங்கு வருவதில்லை

"கண்மாய் இருந்தால் கொசு, மூடிவிட்டால் நிம்மதி" என்ற பேச்சு நகரை ஒட்டிய பகுதிகளில் இன்றும் கேட்கிறது. ஆக்கிரமிப்புக்கு இதைவிட வசதியான காரணம் கிடைக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கண்மாயைத் தேடிச் செல்வதில்லை. அது வீட்டுக்குள்ளும் வாசலிலும் தேங்கும் தெளிந்த நீரில், சிமெண்ட் தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் பயன்படாத ஆட்டுரலிலும் பழைய டயரிலும் முட்டையிடுகிறது. நிலத்தடி நீர் வற்றி, குழாயில் பல நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே தண்ணீர் வரும் ஊரில், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கிடைத்தபோது எல்லாப் பாத்திரங்களிலும் நீரைப் பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே டெங்குவைப் பெருக்குவதில் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கண்மாய் நிறைந்து கிணறு ஊறினால், சேமிக்க வேண்டிய டிரம்களின் எண்ணிக்கை குறையும்.

ஏடிஸ் கொசுவின் முட்டைகள் டிரம்மின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்பொடி தூவியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பப் பிடிப்பதால் பயனில்லை. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் காயவைக்க வேண்டும்.

மீன், தலைப்பிரட்டை, தட்டானின் இளம்புழு ஆகியவை வாழும் கண்மாயில் கொசுப்புழு பெரும்பாலும் இரையாகிவிடுகிறது. கழிவுநீர் கலந்து அவை மடிந்த நீர்நிலையோ யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்கு நல்ல இடமாகிறது. விருதுநகர் நகரத்தின் சாக்கடையைச் சுமந்து குல்லூர்சந்தை அணைக்குச் செல்லும் கௌசிகா நதியை மீட்பதை அழகுபடுத்தும் பணியாக எண்ணுவது பெருந்தவறு. கொசுவை ஒழிக்கிறோம் என்று கம்பூசியா மீனைக் கண்மாயில் விடுவதும் தவறே. அந்த அயல்மீன் நாட்டுமீன் குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்றுவிடும். அதே வேளையில், மீட்ட கண்மாயின் கரையோரப் பாசியையும் களையையும் பராமரிக்காமல் விட்டால் மலேரியாக் கொசு வரக்கூடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

காய்ச்சல் விட்டதும் கண்ணயராதீர்

டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே, அதாவது மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான காலமே, ஆபத்தானது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து இரத்த அழுத்தம் சரிவது அப்போதுதான். "காய்ச்சல் விட்டுவிட்டது, பப்பாளி இலைச் சாறு கொடுத்தோம், தட்டணு ஏறிவிடும்" என்று வீட்டிலேயே காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும். இலைச்சாறும் நிலவேம்புக் குடிநீரும் கசிவை நிறுத்துவதில்லை. அவற்றைக் குடித்தவரும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் குளிர்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாராசிட்டமால் தவிர டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகளையோ, "ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கும்" என்று போடப்படும் ஊசிகளையோ டெங்குக் காலத்தில் நாடுவது இரத்தக்கசிவை அழைப்பதாகும். இத்தனை ஆண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் சீட்டில்லாமல் இவை விற்கப்படுவதும் வாங்கப்படுவதும் பொறுக்கத்தக்கதன்று.

கொதிக்க வைத்தாலும் போகாதவை

"நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்" என்பது நல்ல பழக்கம். ஆனால் அது கிருமியை மட்டுமே கொல்லும். ஃபுளோரைடு கொதித்தால் போவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்கிறது. படிகாரக் கட்டியைக் குடத்தில் சுழற்றுவதும், துணியில் வடிகட்டுவதும் கலங்கலைத் தெளியவைக்குமே தவிர ஃபுளோரைடை நீக்கா. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது. நிலத்தடி நீரில் இவ்வுப்பு மிகுந்த தமிழக மாவட்டங்களுள் விருதுநகரும் ஒன்று. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் பாறையிலுள்ள ஃபுளோரைடைக் கரைத்துக்கொள்வதால், ஊருணியைக் கைவிட்டு ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் ஆழப்படுத்திய ஊர்கள் அறியாமலேயே இந்நோயைத் தேடிக்கொண்டன.

மழைநீரில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவு. ஊருணி நீரில் கிருமி இருக்கலாம், அதைக் கொதிக்கவைத்து வெல்லலாம். ஆழ்துளை நீரின் ஃபுளோரைடை அடுப்பால் வெல்ல முடியாது. ஊருணி மீட்பின் மருத்துவப் பொருள் இதுவே. கண்மாய்களில் மழைநீர் நின்று ஊறும்போது அருகிலுள்ள கிணற்று நீரும் நாளடைவில் நீர்த்துப்போகும். இது ஒரே மழையில் நடப்பதன்று.

ஃபுளோரைடால் பிள்ளைகளின் பல்லில் தெரியும் வெண்புள்ளியையும் பழுப்புக் கோட்டையும் செங்கல் தூளாலும் கரியாலும் தேய்ப்பதால் எனாமல் தேயுமே அன்றிக் கறை போகாது, ஏனெனில் அது பல் உருவாகும்போதே உள்ளே படிந்தது. எலும்பில் படிந்தது இன்னும் கொடியது, மீளாதது. வலிமாத்திரை அதனால் வரும் வலியைச் சில மணிநேரம் மறைக்கிறது, நாளடைவில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் கெடக் கெட உடலிலிருந்து ஃபுளோரைடு வெளியேறுவதும் குறைகிறது.

சீமைக்கருவேலத்தைப் பற்றிய கதைகளும் உண்மையும்

காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நச்சுக்காற்றை வெளியிடும், அருகில் கட்டிய மாட்டை மலடாக்கும் என்றெல்லாம் சீமைக்கருவேலத்தைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்கு அறிவியல் ஆதாரமில்லை. கண்மாய்க்குள் அடர்ந்து வரத்துக்காலை அடைப்பதும், நாட்டு மரங்களை விரட்டுவதும், அதன் மகரந்தம் தும்மலையும் இளைப்பையும் தூண்டுவதும் உண்மை. வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும் என்பதால் வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் வேம்பும் புங்கமும் பனையும் நாட்டுக் கருவேலமும் நட வேண்டும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பலவாதலால், படிப்படியாகச் செய்வதே முறை. முள் குத்திய காலில் எருக்கம்பால் வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். நீரிழிவு உள்ளவர் முள் குத்தியதைச் சிறிதென எண்ணுவது கூடாது. தடுப்பூசியும் மருத்துவரும் அன்றே தேவை.

பட்டாசுக் கழிவும் ஓடையும்

கெட்டுப்போன பட்டாசு மருந்தையும் கழிவையும் பொட்டலிலோ ஓடைக்கரையிலோ கொட்டி எரிப்பது உயிர்ப்பலி வாங்குவதோடு மண்ணையும் கெடுக்கிறது. வாணங்களுக்குப் பச்சை ஒளி தரும் பேரியம் உப்புகளின் பயன்பாட்டை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடைசெய்தது. நீரில் கரையும் பேரியம் இதயத்துடிப்பைக் குலைக்கும். பசுமைப் பட்டாசு என்றால் புகையே தீங்கற்றது என்று நம்புவோரும் உள்ளனர். அது மாசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் ஏற்பாடு மட்டுமே, இளைப்பு நோயாளிக்கு எஞ்சிய புகையே போதும்.

பரிசோதனை

காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் டெங்குவுக்கான என்.எஸ்.1 இரத்தப் பரிசோதனை. ஆழ்துளை நீருக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஃபுளோரைடு சோதனை.

ஊராரிடம் ஒரு வேண்டுகோள்

கண்மாய்க்குள் குப்பை கொட்டாதீர்கள். கலுங்கையும் மடையையும் உடைக்காதீர்கள். கரம்பை மண்ணை வட்டாட்சியர் அனுமதி பெற்று வயலுக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் நடுவில் கிடங்கு தோண்டாமல் சீராக எடுங்கள், கிடங்கில் பிள்ளைகள் மூழ்கிய துயரம் போதும். கண்மாயை மட்டும் தூர்வாரிவிட்டு வரத்துக்காலை விட்டுவிட்டால் ஒரு சொட்டும் வந்து சேராது. வரத்துக்காலில் எழுந்த சுவரும் தொழுவமும் யாருடையதானாலும், அவரும் அவர் பேரப்பிள்ளைகளும் குடிக்கும் நீர் அதனால்தான் கெடுகிறது என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அக்டோபர் 2 கிராமசபை வரை காத்திராமல் ஆகஸ்ட் 15 கிராமசபையிலேயே ஊருணி, வரத்துக்கால், குடிநீர்ச் சோதனை ஆகிய மூன்றுக்கும் தீர்மானம் கேளுங்கள். ஃபுளோரைடு அளவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அளவு மிகுந்த குழாயில் குடிக்க மட்டுமாவது தண்ணீர் பிடிக்காதிருக்க, தயவுகூர்ந்து, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.