தொடாமல் பார்க்கும் டாக்டர்!

இரவு நேரம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறாள்.

"ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர்! இப்போ மூச்சு இரைக்குது!" என்று அழுகிறாள்.

டாக்டர் குழந்தையைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறார். "உட்காருங்கம்மா. குழந்தை உங்க மடியிலேயே இருக்கட்டும்" என்கிறார்.

தாய்க்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் டாக்டர் சும்மா நிற்கவில்லை. குழந்தை முகம் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா? மூச்சு விடத் திணறுகிறதா? தோல் வெளுத்திருக்கிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா? இந்த மூன்றையும் அரை நிமிடத்தில் கண்ணாலேயே பார்த்து விடுகிறார். புது மனிதர் தொட்டால் குழந்தை வீரிடும். அழுதால் மூச்சும் நாடியும் எகிறும். கணக்குத் தப்பிவிடும்!

வீறிட்டு அழும் குழந்தையைவிட, சத்தமே இல்லாமல் கிடக்கும் குழந்தையைக் கண்டுதான் டாக்டர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

மூச்சுக் கணக்கு

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார்கள். பிறந்த குழந்தையோ 30 முதல் 60 தடவை விடும். அதனால் பெரியவர் கணக்குக் குழந்தைக்கு உதவாது. உலக சுகாதார நிறுவனம் தனிக் கணக்கு வகுத்திருக்கிறது. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அந்த அளவை எட்டினால் வேக மூச்சு. சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகம் உள்ளே குழிந்தால் ஆபத்து.

ஏமாற்றும் ரத்த அழுத்தம்

பெரியவர்களுக்கு உடம்பில் ரத்தமோ நீரோ குறைந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். குழந்தை உடம்பு அப்படியல்ல. ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, கடைசி வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். பிறகு திடீரென்று சரிந்துவிடும்! ஆகவே டாக்டர் விரலை அழுத்திவிட்டுப் பார்க்கிறார். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். 3 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 240 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு!

வண்ண நாடா

மருந்து எவ்வளவு? எடையைப் பொறுத்தது. உயிர் ஊசலாடும் நேரத்தில் எடை போட நேரம் ஏது? 1980-களில் ஜேம்ஸ் புரோஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் ஒரு வழி கண்டார். தலையிலிருந்து குதிகால் வரை குழந்தையின் அருகே ஒரு நாடாவை விரிப்பது. குதிகால் எந்த வண்ணத்தில் முடிகிறதோ, அதில் உத்தேச எடையும் மருந்தின் அளவும் இருக்கும். உடல்வாகு நாட்டுக்கு நாடு மாறுவதால் நாடாவும் சில சமயம் தவறும்.

குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. ஆகவே டாக்டர் தாயைக் கேட்கிறார்: "பால் குடிச்சுதா? குடிச்சதையெல்லாம் வாந்தி எடுக்குதா? வலிப்பு வந்துதா? எழுப்பினா முழிக்குதா?"

பால் குடிக்க முடியாமை, ஓயாத வாந்தி, வலிப்பு, மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். கட்டணம் கிடையாது.